கும்பகோணத்தில் மின்சாரக் குட்டி யானையில் கட்டுமானச் சாமான்

கோயில் பக்கத்துச் சந்துகளில் வீடு கட்டுபவர்கள் இந்தச் சேவையைத் தாராளமாக எடுக்கலாம், தளம் போடுகிற நாளுக்கு மட்டும் இதையே நம்பி இருக்காதீர்கள். சிமெண்டு, கம்பி, செங்கல் எல்லாம் மின்சார வண்டியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. கடை ஒருவருடையது, வண்டி வேறொரு கம்பெனியிடம் மாத வாடகைக்கு எடுத்தது, இராத்திரி சார்ஜ் ஏறுவது ஒரு ரைஸ் மில்லில், ஏனென்றால் த்ரீ பேஸ் லைனும் நிறுத்த இடமும் அங்கேதான் இருக்கிறது.

வண்டி டாடா ஏஸ் இவி 1000. ஒரு டன் ஏற்றும், அதாவது 50 கிலோ சிமெண்டு 20 மூட்டை. லாரி நுழையாத எங்கள் சந்தில் பின்பக்கமாகவே வந்து நின்றது, புகையும் இல்லை சத்தமும் இல்லை, திண்ணையில் தூங்கிய மாமனார் எழுந்திருக்கவே இல்லை. வாடகை டீசல் வண்டிக்குக் கொடுப்பதுதான்.

சிக்கல் வந்தது குறுவை அறுவடையில். மில் வாசலில் நெல் லாரிகள் வரிசைகட்டியதால் வண்டி உள்ளே போக முடியாமல் சார்ஜ் ஏறவில்லை. மறுநாள் எங்களுக்குத் தளம். கொத்தனார், சித்தாள், கலவை மிஷின் எல்லாம் தயார், சிமெண்டு மட்டும் இல்லை. கடையில் கேட்டால் மில்லைக் கை காட்டினார்கள், மில்லில் வண்டிக் கம்பெனியைக் கேட்கச் சொன்னார்கள், கம்பெனியில் ஃபோனை எடுக்கவில்லை. கடைசியில் கடைக்காரரே ஒரு டீசல் வண்டி பிடித்து அனுப்பினார், அதற்குத் தனியாக வாடகையும் கேட்கவில்லை. ஆனாலும் அரைநாள் கூலி போனது போனதுதான். குறுவை வருஷா வருஷம் வருவதுதானே, மூன்று பேரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, சார்ஜுக்கு மாற்று இடமும் பதில் சொல்ல ஒரே ஆளும் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஜல்லி, பாறையைப் பொடித்துச் செய்கிற எம்-சாண்ட் மணல். டெல்டாவில் பாறை ஏது? புதுக்கோட்டைப் பக்கத்துக் கிரஷரிலிருந்து டீசல் டிப்பரில்தான் வருகிறது, அரியலூர் சிமெண்டும் கடைவரை டீசல் லாரியில்தான். மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் என்கிற மின்வண்டி மானியத் திட்டத்தில் மின்சார லாரிக்கு 9.6 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு என்று 2025 ஜூலையில் அறிவித்தார்கள், ஆனால் பழைய டீசல் லாரியை உடைப்புக்குக் கொடுத்த சான்றிதழ் வேண்டும். ஒரே லாரியை வைத்துப் பிழைப்பவர் எந்த தைரியத்தில் அதை உடைக்கக் கொடுப்பார்? கிரஷர்காரர்களும் சிமெண்டு கம்பெனிகளும் சேர்ந்து, வருஷம் முழுக்க லோடு தருகிறோம் என்று எழுதிக்கொடுத்து, ஏற்றுகிற இடத்திலேயே சார்ஜரும் வைத்தால் அவர் துணிந்து இறங்குவார்.