கஜாவில் பறந்த கொட்டகையும் பாதாள சாக்கடையும்

இந்த முறை ஊரில் இருந்தது பதினெட்டு நாள். அதில் பதினோரு நாளை ஒரு மாட்டுக் கொட்டகை தின்றுவிட்டது. அதுவும் இப்போது நிற்கிற கொட்டகை இல்லை. 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் அள்ளிக்கொண்டு போனது.

போன காரியம் பாதாள சாக்கடை இணைப்பு. எங்கள் தெருவில் குழாய் பதித்து, ஆளிறங்கு குழிக்கு மூடி போட்டு, சுற்றித் தாரும் போட்டு, அந்தத் தாரும் பெயர்ந்தாகிவிட்டது. அம்மா மட்டும் இன்னும் செப்டிக் டேங்க்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். டெல்டா மண்தான் தெரியுமே. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தால் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். டேங்க்கில் இருப்பது போக்கிடம் இல்லாமல் கொல்லைக் கக்கூஸில் எதிர்த்துக்கொண்டு வரும். லாரிக்காரருக்குப் போன் போட்டால், "தெரு பூரா அதான் கேக்குது, நாளைக்குப் பார்ப்போம்" என்பார். "இந்தத் தடவை வந்து இதை முடிச்சுக் குடுத்துட்டுப் போ." அம்மா வேறெதுவும் கேட்கவில்லை.

நான் இருபத்தாறு வருஷமாக சிங்கப்பூரில் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். போனது எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரைக்கும் 48 கிலோமீட்டர் சுரங்கம் வெட்டிக் கழிவுநீரைக் கொண்டுபோகிறார்கள் என்று எப்போதோ படித்ததோடு சரி. வைப்புத்தொகை, சாலை வெட்டுக் கட்டணம், மதிப்பீடு எல்லாம் ஐம்பத்தோரு வயதில்தான் காதில் விழுகிறது.

ஆன்லைன் விண்ணப்பம் வெண்ணெய் மாதிரி போனது என்றே சொல்ல வேண்டும். வரிவிதிப்பு எண்ணை அடித்ததும் அம்மா பெயர், கதவு எண் எல்லாம் வந்தன. கூடவே கட்டடப் பரப்பு: 1,296 சதுர அடி.

எங்கள் நகராட்சியில் இணைப்புக்கான வைப்புத்தொகை பரப்பைப் பார்த்து. 1,200 வரை ஒரு தொகை, தாண்டினால் அடுத்த படி. ஆனால் வீடு 1,140. அப்பா இதை நூறு தரம் சொல்லியிருக்கிறார். மிச்சம் 156 எங்கிருந்து முளைத்தது? ராத்திரி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான் பிடிபட்டது. பன்னிரண்டுக்குப் பதிமூன்று. கொல்லையில் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை! மாட்டை அப்பா புயலுக்கு முன்பே விற்றுவிட்டார். கொட்டகை விறகும் தேங்காய் மட்டையும் போட்டுவைக்க நின்றது.

வித்தியாசம் மூவாயிரம் ரூபாய். ஐம்பது சிங்கப்பூர் வெள்ளிகூட இல்லை. அங்கே தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்தால் ஆகிற செலவு. "கட்டித் தொலைங்க மாப்ள" என்றார் மச்சான். கட்டியிருப்பேன். ஆனால் டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய ரசீதுகளை எடுத்துப் பார்த்தது தப்பாகப் போயிற்று. 2022இல் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியை ஏற்றினார்களே, அதில் நகராட்சி வீடுகளுக்கு 600க்கு மேல் 1,200 சதுர அடி வரை 50 சதவீத உயர்வு, அதைத் தாண்டி 1,800 வரை 75. அன்றையிலிருந்து அம்மா இல்லாத கொட்டகைக்காக அந்த முக்கால் உயர்வைக் கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குப் பிறகு எனக்கு மூவாயிரம் பெரிதாகத் தெரியவில்லை, கொட்டகைதான் தெரிந்தது.

கவுண்டரில் போய் நின்றேன்.

"சிஸ்டத்துல 1,296 இருக்கு சார்."

"அந்தக் கொட்டகை இப்ப இல்லீங்க."

"இடிச்சதுக்கு பர்மிஷன் வாங்குனீங்களா?"

"புயல் வாங்கலைங்க."

அவர் சிரிக்கவில்லை. வரிப் பதிவைத் திருத்துவது வருவாய்ப் பிரிவு, அது மாடியில். இணைப்பு பொறியியல் பிரிவு, அது கீழே. மாடியில் போனால் பில் கலெக்டர் வசூலுக்குப் போயிருக்கிறார். மறுநாளும் வசூல். அதற்கு மறுநாள் முகூர்த்த நாள். நாலாவது நாள் ஆளைப் பிடித்தால், "கொட்டகை விழுந்ததுக்கு அத்தாட்சி ஏதாச்சும்?" விழுந்த கொட்டகைக்கு அத்தாட்சி அங்கே கொட்டகை இல்லாததுதானே! வந்து பாருங்கள் என்றேன். "மனு எழுதிக் குடுங்க, வரிசைப்படி வருவோம்."

அப்பா காலத்தில் பில் கலெக்டர் எங்கள் திண்ணையில் உட்கார்ந்துதான் ரசீது எழுதுவார். மாடு என்ன கன்று போட்டது என்று விசாரித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். அவர் இருந்திருந்தால் கொட்டகை பறந்த வாரமே அவர் நோட்டிலிருந்தும் போயிருக்கும். சிங்கப்பூராக இருந்தால் ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும் என்று சித்தப்பாவிடம் புலம்பினேன். எழுபதுகளில் அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். "ரொம்பப் பேசாத. நான் இருந்தப்ப அங்கயும் வாளிக் கக்கூஸ் உண்டு. வாளி தூக்க ஆள் வருவாங்க" என்றார். தேடிப் பார்த்தேன். வாளி முறை அங்கே முழுக்க ஒழிந்தது 1987இல்தான். அந்த ஆண்டு நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் ஸ்கூட்டி நின்றது. இளநிலைப் பொறியாளர், முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. பின்னாலேயே ஃபிட்டர். விண்ணப்பத்தில் நான் எழுதியிருந்த குறிப்பைப் படித்திருக்கிறார்! யாருமே படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் முக்கால் பக்கம் எழுதியிருந்தேன்.

"கொட்டகை எங்கம்மா இருந்துச்சு?" அம்மா கொல்லைக்குக் கூட்டிப்போய், புதருக்குள் நின்ற நாலு கல்தூண் மொட்டைகளைக் காட்டினார். நாடாவைப் பிடித்து அளந்தார்கள். பன்னிரண்டு, பதிமூன்று. நடுவில் ஆளுயரத்துக்கு மேல் முருங்கை. மரத்தோடு சேர்த்து அம்மாவை நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். "கொட்டகை தற்போது இல்லை, பரப்பு 1,140" என்று கோப்பிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். காப்பி வேண்டாம், தண்ணீர் போதும் என்றார். எல்லாம் பத்து நிமிஷம். எனக்குத் தொண்டை அடைத்தது என்றால் சிரிப்பீர்கள்.

நிஜமான சிக்கல் ஒன்றையும் அவர்தான் தீர்த்தார். கக்கூஸ் கொல்லையில், குழி தெருவில். நடுவே தொண்ணூறு அடி வீடு. நாலு அங்குலக் குழாய்க்கு அறுபதுக்கு ஒன்று என்று வாட்டம் கொடுத்தால்கூட ஒன்றரை அடி இறங்க வேண்டும். தெருவோ, போட்ட ரோட்டின்மேலேயே ரோடு போட்டு வீட்டைவிட உயர்ந்து நிற்கிறது. டியூப் லெவல் வைத்துப் பார்த்து, பக்கத்துச் சந்து வழியாகப் போனால் வாட்டம் கிடைக்கும் என்றார். கூடத்துச் சிவப்புச் சிமெண்டுத் தரை பிழைத்தது.

பணம் கட்டுவதில் இன்னொரு கூத்து. என் சிங்கப்பூர் அட்டையை இணையதளம் ஏற்கவில்லை. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் பணப் பரிமாற்றத்தையும் நம் யூபிஐயையும் இணைத்தார்களே என்றால், அது ஆளுக்கு ஆள் அனுப்பத்தான். நகராட்சி ஆள் இல்லையாம். மச்சானுக்கு அனுப்பி, மச்சான் கட்டினார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் இணைப்புக் கொடுத்தார்கள். குழி மூடியைத் திறந்தபோது எட்டிப் பார்க்கப் போன என்னை ஃபிட்டர் இழுத்து நிறுத்தினார். "உள்ள வாயு இருக்கும்ணே. இதுல ஆள் இறங்கவே கூடாது, மெஷின்தான்." எனக்கு விவரம் தெரிந்த நாளில் எங்கள் செப்டிக் டேங்க்குக்குள் ஆள் இறங்கியதுண்டு. அப்பா வேப்பெண்ணெய் சோப்பு வாங்கிக் கொடுப்பார். அதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து மூன்று வாரம் கழித்து மச்சான் ஒரு படம் அனுப்பினார். அடுத்த அரையாண்டு வரிக் கேட்பு. பரப்பு: 1,296 சதுர அடி. கீழே விழுந்த கொட்டகை மாடியில் இன்னும் நிற்கிறது.

அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நிக்கிதுங்கிறாங்கல்ல, ஒரு மாடு வாங்கிக் கட்டிரட்டுமா?" என்றார்.