பாட்டு வினாடி வினாவுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஒரு போஸ்டர் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். 'மாபெரும் திரையிசை வினாடி வினா, மொத்தப் பரிசு ஒரு லட்சம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். ஒரு மூலையில் மைக், இன்னொரு மூலையில் கிராமபோன். வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே படம்தான் சுற்றுகிறது. அதை நம்பிப் பணம் கட்டிப் போய் வயிறெரிந்து திரும்பியவர்களில் நானும் என் சித்தப்பாவும் உண்டு. நடத்தியவர்களின் பெயரை இங்கே போடப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். இதே மாதிரிப் போட்டிக்கு நாளைக்கு வேறு யாராவது கூப்பிட்டாலும் என்னவெல்லாம் நடக்கலாம் என்று தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இரண்டு பேர் கொண்ட அணிக்கு நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். முதல் பரிசு 25,000, இரண்டாம் பரிசு 10,000. பணம் யு.பி.ஐ.யில் மட்டும்தான் அனுப்ப வேண்டும். அனுப்பியதும் டோக்கன் எண் வந்தது. விதிமுறை எங்கே என்று கேட்டால், "எல்லாம் ஹாலில் சொல்லுவோம் சார்" என்று பதில். கேள்வி தயாரித்தது யார் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை, ஒரு கும்பிடு பொம்மைதான் வந்தது.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஆள். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-இல் நம்ம நாகர்கோவிலில் தொடங்கியபோது நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்ட கூட்டத்தில் அவரும் ஒருவர். பாட்டின் முதல் வரியைச் சொன்னால் படம், பாடியவர், இசை, எழுதியவர் நாலையும் ஒரே மூச்சில் ஒப்பிப்பார். போட்டிக்குப் போவோம் என்றதும் வெள்ளை வேட்டியைத் தேய்க்கக் கொடுத்துவிட்டார்.

கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாற்காலி, மின்விசிறி, மைக் செட் எல்லாம் குறையில்லை. டீயும் பழம்பொரியும்கூடக் கொடுத்தார்கள். குவிஸ் மாஸ்டராக வந்தது ஒரு இளைஞர். பேச்சு நல்ல சரளம், பாட்டும் ஓரளவு பாடினார். ஆனால் கேள்விகள் அவருடையவை இல்லை என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது. விடையை அவரும் நம்மோடு சேர்ந்து அப்போதுதான் திரையில் பார்க்கிறார்!

'குமரி மாவட்டச் சுற்று' என்று ஒன்று வைத்தார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஊர் எது என்று கேள்வி. ஒரு அணி 'ஒழுகினசேரி' என்றது. மடிக்கணினியைப் பார்த்துவிட்டு "தவறு, சரியான விடை நாகர்கோவில்" என்றார். மண்டபமே கொந்தளித்துவிட்டது. ஒழுகினசேரி நாகர்கோவிலில்தானே இருக்கிறது, அதைவிடத் துல்லியமாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? கத்தல் தாங்காமல் மதிப்பெண் கொடுத்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சுற்றுக்கு குமரி மாவட்டம் என்று பெயர் வைத்தார்களே தவிர, இங்கே வடிவீஸ்வரத்தில் பிறந்த, கீர்த்தனைகள் எழுதிய நீலகண்ட சிவனைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. சுசீந்திரம் கோயிலின் இசைத்தூண்களைப் பற்றியும் இல்லை. எங்கிருந்தோ மொத்தமாக எடுத்த கேள்விகளில் நடுவே நாலு உள்ளூர்க் கேள்வியைச் செருகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

எப்படியோ இறுதிச் சுற்றுக்கு நாங்களும் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் இரண்டு பேரும் வந்துவிட்டோம். பஸ்ஸர் சுற்று. பஸ்ஸர் என்றால் பலகையில் திருகி வைத்த காலிங் பெல் சுவிட்ச். சரியாகச் சொன்னால் 10, தப்பாகச் சொன்னால் 5 கழியும், கேள்வி எதிரணிக்குப் போகும், அவர்கள் சரியாகச் சொன்னால் அவர்களுக்கு 5. கடைசிக் கேள்வி வரும்போது நாங்கள் 65, அவர்கள் 60.

திரையில் வந்தது இதுதான்: 'எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் முதல் தமிழ்ப் பாடல் எது?'

இதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. சித்தப்பா சுவிட்சை அமுக்கிவிட்டு ஆரம்பித்தார். "ஆயிரம் நிலவே வா. படம் அடிமைப்பெண். இசை கே.வி. மகாதேவன், எழுதியது புலமைப்பித்தன், கூடப் பாடினது சுசீலா."

"தவறு" என்றார் குவிஸ் மாஸ்டர். கேள்வி பையன்களிடம் போனது. அவர்கள் 'இயற்கை என்னும் இளைய கன்னி' என்றார்கள். சரியான விடை என்று ஒரே கைதட்டல். 65-60 என்று இருந்தது ஒரு நிமிஷத்தில் 60-65 ஆகிவிட்டது.

இங்கேதான் விஷயம். எஸ்.பி.பி.யின் முதல் தமிழ்ப் பாட்டு என்று மொட்டையாகக் கேட்டால் மூன்று விடை சொல்லலாம். மூன்றுக்கும் ஆதாரம் உண்டு. அவர் முதலில் பாடிப் பதிவானது 'ஹோட்டல் ரம்பா' என்ற படத்துக்கு, எல்.ஆர். ஈஸ்வரியோடு. இசை எம்.எஸ். விஸ்வநாதன். அந்தப் படம் வெளிவரவே இல்லை. அதற்கப்புறம் அதே எம்.எஸ்.வி. இசையில் 'சாந்தி நிலையம்' படத்துக்குப் பாடியது 'இயற்கை என்னும் இளைய கன்னி'. அதற்கும் பின்னால் பாடியதுதான் 'ஆயிரம் நிலவே வா'. அந்தப் பாட்டுக்காகத் தனக்கு டைபாய்டு காய்ச்சல் குணமாகும்வரை எம்.ஜி.ஆர். காத்திருந்த கதையை எஸ்.பி.பி.யே எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் 'அடிமைப்பெண்' 1969 மே 1-ஆம் தேதியே திரைக்கு வந்துவிட்டது. 'சாந்தி நிலையம்' வந்தது அதே மாதம் 23-ஆம் தேதி. அதனால் ஜனங்கள் தியேட்டரில் முதலில் கேட்ட குரல் 'ஆயிரம் நிலவே வா'தான்.

சித்தப்பா இந்தத் தேதிகளை அப்படியே மைக்கில் சொன்னார். உடனே குவிஸ் மாஸ்டர், "நாங்க வெளிவந்ததைக் கேக்கல சார், பாடினதைத்தான் கேட்டோம்" என்றார்.

"பாடினதுன்னா அதுக்கும் முந்தி ஹோட்டல் ரம்பா இருக்கே தம்பி?"

"அந்தப் படம் வெளிவரலையே சார்."

சித்தப்பா மைக்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மக்களே, மொதல்ல வெளிவந்ததைக் கேக்கல்லன்னான். இப்ப வெளிவரல்லேங்கான். கேட்டியா?"

முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியீட்டுத் தேதி கணக்கில் இல்லை என்று ஒரு விடையைத் தள்ளுவதும், வெளிவரவில்லை என்று இன்னொரு விடையைத் தள்ளுவதும் ஒரே வாயில் எப்படி வரும்? நடுவில் மிச்சமிருக்கும் ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கிற விடை, அதற்காகக் கேள்வியை அங்கேயும் இங்கேயும் இழுக்கிறார்கள்.

பையன்கள் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை. 'வெளிவந்த படங்களில் எஸ்.பி.பி. முதலில் பாடிய தமிழ்ப் பாட்டு எது' என்று கேட்டிருந்தால் அதுதான் விடை, நாங்களும் வாயை மூடிக்கொண்டு வந்திருப்போம். கேள்வியில் அது இல்லை என்பதுதான் என் சண்டை. விடை ஒன்றுக்கு மேல் வரும் என்று தெரிந்துவிட்டால் அந்தக் கேள்வியை ரத்து செய்து கையிருப்பில் இருக்கும் வேறொன்றைக் கேட்பது வினாடி வினா நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. நம்ம ஊர்களில் ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாலிபர் சங்கங்கள் நடத்துகிற போட்டியில்கூட இது உண்டு. அங்கே கட்டணம் கிடையாது, பரிசு ஒரு எவர்சில்வர் குடமாக இருக்கும், ஆனால் தகராறு வந்தால் 'சரி, அது வேண்டாம், வேற கேளு' என்று முடித்துவிடுவார்கள். இத்தனைக்கும் அதே மண்டபத்தில் ஒழுகினசேரிக்கு மதிப்பெண்ணை மாற்றிக் கொடுத்தவர்கள்தான் இவர்கள். அங்கே கத்தியது நூறு பேர், இங்கே கேட்டது இரண்டு பேர். வேறு என்ன வித்தியாசம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நாங்கள் விடவில்லை என்றதும் ஒருவர் மேடையேறி வந்து, ஆட்சேபனை இருந்தால் 300 ரூபாய் கட்டி எழுத்தில் கொடுக்கலாம், நடுவர் குழு முடிவு செய்யும் என்றார். இப்படி ஒரு விதி இருப்பதே அப்போதுதான் தெரியும். சித்தப்பா வேண்டாம் என்றார், நான் கட்டினேன். கேள்வி, எங்கள் விடை, இரண்டு படங்களின் வெளியீட்டுத் தேதி எல்லாம் எழுதிக் கொடுத்தேன். நடுவர் குழு என்றால் யார் என்று பார்த்தால் அதே குவிஸ் மாஸ்டர், இந்த விதியைச் சொன்ன அதே ஆள், மூன்றாவதாக ஸ்பான்சர் கடையிலிருந்து வந்த ஒருவர். தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்று அறிவித்துவிட்டார்கள். 300 ரூபாய்க்கு ரசீது கேட்டேன். டோக்கன் சீட்டின் பின்பக்கம் 'பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். அந்தச் சீட்டுதான் இப்போது என் கையில் இருக்கும் ஒரே எழுத்து ஆதாரம்.

அப்புறம் பரிசளிப்பு. பெரிய அட்டையில் '10,000' என்று எழுதி எங்கள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு கவர் தந்தார்கள். உள்ளே 2,000 ரூபாய் பணம், மிச்சம் 8,000-க்கு வீட்டு உபயோகப் பொருள் கடைக் கூப்பன்கள். ஒவ்வொரு கூப்பனும் 1,000 ரூபாய், 15,000 ரூபாய்க்கு மேல் பொருள் வாங்கினால் மட்டும் கழிப்பார்கள், ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், எங்கள் 8,000-ஐ வசூலிக்க நாங்கள் அந்தக் கடையில் 1,20,000 ரூபாய்க்குப் பொருள் வாங்க வேண்டும்.

போஸ்டரில் இப்படி இல்லையே என்றால், "வரி பிடித்தம் இருக்கு சார்" என்றார்கள். இதையும் தெரிந்துகொள்ளுங்கள். போட்டிப் பரிசுக்கு 30 சதவீதம் வரி பிடிப்பது உண்மைதான், ஆனால் பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால்தான் அந்தப் பிடித்தம். எங்கள் பரிசு சரியாகப் பத்தாயிரம். பிடித்திருந்தாலும் நம் பான் எண்ணை வாங்கி, அரசுக்குக் கட்டி, சான்றிதழ் தர வேண்டும். எங்களிடம் பான் எண்ணை யாரும் கேட்கவே இல்லை.

தோற்றவன் புலம்புகிறான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெயித்த பையன்களில் ஒருவன் மறுநாளே என்னைக் கூப்பிட்டான். "அண்ணே, எங்களுக்கும் 5,000தான் கையில் தந்தாங்க, பாக்கி 20,000 கூப்பன்" என்றான். ஹாஸ்டலில் இருக்கிற பையன் ஃபிரிட்ஜும் வாஷிங் மிஷினும் வாங்கி என்ன செய்வான்? அந்தக் கேள்வியைப் பற்றியும் அவனே பேச்செடுத்தான். சித்தப்பா சொன்ன விடையும் சரிதான் என்று அவர்களுக்கும் தோன்றியதாம், மேடையில் சொல்லக் கூச்சமாக இருந்ததாம். நல்ல பையன்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இனி இப்படி எங்காவது பணம் கட்டுவதாக இருந்தால் விதிமுறையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்றால் அங்கேயே விட்டுவிடலாம். பரிசு பணமா, பொருளா, கூப்பனா என்று நேராகக் கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். கேள்வி தயாரித்தவர் அரங்கத்தில் இருப்பாரா, ஆட்சேபனையை யார் பார்ப்பார்கள் என்பதும் முக்கியம். மேடையில் 'முதல்' என்றோ 'எந்த ஆண்டு' என்றோ கேள்வி வந்தால், பதில் சொல்லும் முன்பே பதிவானதா வெளிவந்ததா என்று கேட்டுவிடுங்கள். விருதுக் கேள்வியில் இது இன்னும் மோசம். 'தங்கத் தாமரை மகளே' பாட்டுக்கு எஸ்.பி.பி.க்குக் கிடைத்தது 1996-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது. 'மின்சாரக் கனவு' படம் தியேட்டருக்கு வந்ததோ 1997 ஜனவரியில். தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய ஆண்டுதான் கணக்கு, அதனால் இப்படி ஆகிறது. இதைத் தெரியாமல் கேள்வி எழுதியவரும் தெரிந்து பதில் சொன்னவரும் ஒரே மேடையில் நின்றால் அடிதடிதான்.

ஏமாந்துவிட்டீர்கள் என்றால் போஸ்டர் படம், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், கூப்பன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். அங்கே தீராவிட்டால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, நடந்ததில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் இல்லாமல் நாமே போடலாம்.

நான் 1915-இல் பதிந்துவிட்டேன். பையன்களும் தனியாகப் பதிந்திருக்கிறார்கள். அன்றைக்கு 500 கட்டி முதல் சுற்றிலேயே வெளியே போன அணிகள் நிறைய இருந்தன, ஒழுகினசேரி என்று சொன்ன அணியும் அதில் ஒன்று. உங்களில் யாராவது இதைப் படித்தால் அந்த டோக்கன் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் ஒரு புகார் பதியுங்கள். அதே போஸ்டர் இப்போது தேதி மாறித் தக்கலையில் ஒட்டியிருக்கிறது, கட்டணம் இந்தத் தடவை 750.