டிரம் வகை அடைப்பு எடுக்கும் மெஷின்: நாள்பட்ட உபயோகத்தில் தெரிந்தவை

3, 4 இன்ச் சாக்கடை லைனுக்கு 10 அல்லது 12 மி.மீ. ஸ்பிரிங் (டிரம்முக்குள் சுருட்டி வைத்த, குழாய்க்குள் சுழன்றுகொண்டே போகும் நீளக் கம்பிச்சுருள்) போட்ட டிரம் மெஷின் தாராளம். அடைப்பு எடுப்பதில் குறை சொல்ல அதிகமில்லை. கவலையெல்லாம் விரல்களைப் பற்றித்தான்.

டிரம் நிமிடத்துக்கு சுமார் 170 சுற்று சுற்றும். பார்க்க மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிரிங் நுனியில் உள்ள கட்டர் வேரிலோ துணியிலோ மாட்டி நின்றாலும் டிரம் நிற்காது. நொடிக்கு ஏறக்குறைய மூன்று சுற்று முறுக்கு ஸ்பிரிங்கில் ஏறும். குழாய்க்குள் நெளிய இடமில்லாததால், வெளியே தெரியும் துண்டுதான் வளையமாகத் துள்ளி மணிக்கட்டைச் சுற்றும். அதனால்தான் மெஷினுக்கும் குழாய் வாய்க்கும் நடுவே 2 அடிக்கு மேல் விடக் கூடாது. கையில் ஸ்பிரிங் பக்கவாட்டில் நெளிந்தாலே மெஷினை ஓட்டும் மிதி சுவிட்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். ரிவர்ஸ், மாட்டியதை விடுவிக்க மட்டும். ரிவர்ஸிலேயே ஓட்டினால் ஸ்பிரிங்கின் சுருள்கள் விரியும்.

முதலில் பழுதாவது மிதி சுவிட்ச். காற்றில் இயங்கும் வகையில் ரப்பர் குழாய் வெடித்தால் மெஷின் ஓடாது, அவ்வளவுதான். அவசரத்துக்கு மிதி சுவிட்சை விட்டுவிட்டு மெஷினை நேரடியாகக் கரன்ட்டில் இணைத்துவிடுகிறார்கள். முறுக்கு ஏறும்போது இரண்டு கையும் ஸ்பிரிங்கில் இருக்க, மெஷினை யார் நிறுத்துவது? பக்கத்தில் ஒருவர் சுவிட்சைப் பார்த்துக்கொள்வதும் தீர்வல்ல; ஸ்பிரிங்கைப் பிடிப்பவரின் காலே மிதியில் இருக்க வேண்டும்.

கையுறை தோலில்தான் வேண்டும். துணி, ரப்பர், ரப்பர் பூசியது எல்லாம் ஸ்பிரிங்கின் சுருளில் சிக்கி விரலையும் சேர்த்து இழுக்கும். சாக்கடை நீர் படாமலிருக்க நைட்ரைல் (மெல்லிய செயற்கை ரப்பர்) உறையைத் தோல் கையுறைக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம், வெளியே கூடாது. தோல் கையுறை கிழிந்துவிட்டால் தைத்து ஓட்டுவதில் பயனில்லை.

ஸ்பிரிங்கை ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவினால் துரு மெதுவாகத்தான் பிடிக்கும். சுமார் 15 டிகிரி வரையிலான மடிப்பை நிமிர்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் மடிந்தாலோ, சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலோ, கம்பியின் உருண்டை தேய்ந்து தட்டையானாலோ மாற்ற வேண்டியதுதான். அப்படிப்பட்ட ஸ்பிரிங் அறுவதும் முறுக்கிக்கொள்வதும் அந்தப் பலவீனமான இடத்தில்தான்.

கரன்ட் விஷயத்தில் சுருக்கம்: 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), வேலைக்கு முன் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்ப்பது, ஈரத்தில் கிடக்காத எக்ஸ்டென்ஷன்.

மெஷினை இறக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஆசிட்டோ காஸ்டிக் சோடாவோ ஊற்றினார்களா என்று கேட்டுவிடுங்கள். பலர் ஊற்றியிருப்பார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். சுழலும் ஸ்பிரிங் அந்தத் தண்ணீரை நேராக முகத்தில்தான் தெளிக்கும். கண்ணாடி மட்டும் போதாது, முகக்கவசமும் வேண்டும்.