பியானோ கட்டையின் கனம்: ஈயமா, ஃபெல்ட்டா?

பியானோ கட்டைகளின் கனத்தை, அதாவது விரலுக்கு அவை எவ்வளவு பாரமாக இருக்கின்றன என்பதை, சரிசெய்ததில் பலன் இருந்ததா என்று லாஸ்பேட்டை நண்பர் கேட்டார். அவரிடமும் என்னிடம் இருப்பது போன்ற பழைய அப்ரைட்தான் (தந்திகள் நெட்டுக்குத்தாக நிற்கும் பியானோ). வேலை முடிந்து ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் போய்விட்டதால் இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் வந்தவர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கட்டை கனக்கிறது என்றதும் எதையும் அளக்காமல், முன்பக்கம் துளை போட்டு ஈயம் வைத்துவிட்டுப் போனார். அழுத்த லேசானது உண்மை. ஆனால் அழுத்திய கட்டை மேலே வர அடம்பிடித்தது. ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்ப வாசித்தால் பாதி ஒலிக்காது. மரத்தில் விழுந்த துளை விழுந்ததுதான்.

அடுத்து சென்னையிலிருந்து வந்தவர் டாம்பர் பெடலை (தந்தியின் ஒலியை அடக்கும் டாம்பர்களை விலக்கும் மிதி) மிதித்துக்கொண்டு, நடு சி கட்டையின் நுனியில் கிராம் எடைகளை ஒவ்வொன்றாக வைத்தார். 60 கிராமில் மெல்ல இறங்கியது; திரும்பி வரும்போது 8 கிராமைத்தான் தூக்கியது. பொதுவாக 50 கிராமை ஒட்டி இறங்கி, 20 கிராமையாவது தூக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி, அதாவது 26 கிராம், வெறும் உராய்வு. எங்கள் குருசுக்குப்பத்துக் கடற்காற்றின் ஈரத்தில் புஷிங் ஃபெல்ட் (கட்டையின் துளைக்குள் ஒட்டியிருக்கும் கம்பளித் துணி) ஊதிப்போய், துளைக்குள் நிற்கும் உலோகப் பின்னை இறுக்கிப் பிடித்திருந்தது. தந்தியை அடிக்கும் சுத்தியலான ஹேமர் அசையும் அச்சுகளான சென்டர் பின்களும் அப்படித்தான். ஈயம் எவ்வளவு வைத்தாலும் இந்த உராய்வு குறையாது. அவர் ஈயத்தை எடுத்துவிட்டு, ஃபெல்ட்டை இடுக்கியால் அமுக்கித் தளர்த்தி, ஹேமரில் இறுகிய இடங்களில் துளையைச் சீவிப் புதுப் பின் போட்டார். அதே கட்டை 54-இல் இறங்கி 30-ஐத் தூக்கியது.

அப்புறம் வாசித்தபோதுதான் இந்தப் பியானோவால் இவ்வளவு மெதுவாகப் பேச முடியும் என்றே தெரிந்தது. விரல் கேட்ட அளவுக்கு மட்டும் ஒலி வருகிறது. கொடுத்த காசு இதற்கே தகும்.

ஆனால் ஐப்பசி மழை பிடித்ததும் சில கட்டைகள் மறுபடி இறுகின. தை பிறந்த பிறகுதான் விட்டன. வருஷா வருஷம் இதேதான் என்றால் எனக்குப் பொறுமை இல்லை. அதனால் நண்பருக்கு என் பதில்: வேண்டாம், நல்ல டிஜிட்டல் பியானோ வாங்கிக்கொள்ளுங்கள். இல்லை, செய்தே தீருவேன் என்றால் மழையில் செய்யாதீர்கள். அப்போது தளர்த்தினால் வெயில் காலத்தில் கட்டை லொடலொடவென ஆடும். எடுத்த எடுப்பில் ஈயம் என்று சொல்கிறவரை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள்.