இடுப்புத் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா?

அமெரிக்காவில் 9 எம்எம் கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடுபவர்கள் முன்னால் இரண்டு ரகத் தோட்டா இருக்கிறது. உருண்டை முனை கொண்ட ஃபுல் மெட்டல் ஜாக்கெட், அதாவது குண்டின் மேல் உலோகப் போர்வை போட்ட ரகம், மலிவு. சேம்பருக்குள், அதாவது சுடும்போது தோட்டா இருக்கும் அறைக்குள், வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். பயிற்சிக்கு அது போதும். ஆனால் விரியாது, ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்பவர் வரை போகக்கூடும்.

இன்னொரு ரகமான ஹாலோ பாயின்டின் முனையில் சின்னக் குழி இருக்கும். ஈரத் திசு அதற்குள் புகுந்து அழுத்த, முனை பூ மாதிரி விரிந்து வேகம் குறையும். 1986இல் மயாமியில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கி மோதலுக்குப் பிறகு அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வகுத்த அளவு, உடல் திசுவுக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் குண்டு 12 முதல் 18 அங்குலம் இறங்க வேண்டும் என்பது. கனத்த துணி குழியை அடைத்துவிட்டால் சில ரகங்கள் விரியாமலே போகும். அதனால்தான் ஜெலட்டினுக்குத் துணி போர்த்தியும் சுட்டுப் பார்க்கிறார்கள்.

என் ஓட்டு ஹாலோ பாயின்டுக்கே. என்ன, சில பழைய துப்பாக்கிகளில் அந்த அகன்ற முனை முட்டிக்கொண்டு நிற்கும். அதே ரகத்தில் நூறு, இருநூறாவது சுட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம், விலை கடிக்கும்தான். அப்புறம், ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்கினால் முனையிலுள்ள குண்டு, மருந்து இருக்கும் உலோகக் கூட்டுக்குள் அமுங்கும், சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே குட்டையானது தெரிந்துவிடும்.