எட்டு மாதமாக என் மெஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கும் செயலி

போனில் ஏற்றிய இந்த மொழிபெயர்ப்புச் செயலிக்கு முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. விலை, நேரம், வழி சொல்வதற்கு மட்டும் கேட்டால் நாலரை கொடுப்பேன். மீன் பெயருக்கு ஒன்று, அதுவும் பாவம் பார்த்து.

தங்கச்சிமடத்தில் ரோட்டோரம் மீன் சாப்பாட்டு மெஸ் வைத்திருக்கிறேன். நாலு மேசை, நெருக்கி உட்கார்ந்தால் இருபது பேர். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் ரயிலில் வந்தவர்கள் மண்டபத்தில் இறங்கி, ரோடு வழியாக என் கடையைத் தாண்டித்தான் இராமேசுவரம் போனார்கள். பாலம் வேலைக்கு வந்த பீகார், வங்காளம், ஒடிசா தம்பிகள் வேறு. அந்த இரண்டு வருஷத்தைக் கைஜாடையிலேயே ஓட்டினேன். பாலம் திறந்ததும் வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்தேன். படுக்கவில்லை, மொழிகள்தான் கூடின. மதுரையில் படிக்கிற என் மகள் லீவுக்கு வந்தபோது, "ஏம்மா இப்படி ஊமைப் படம் காட்டுற?" என்று சொல்லி இந்த மொழிபெயர்ப்புச் செயலியைப் போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

செயலியின் பெயரை எழுதவில்லை. இந்த ஜாதிச் செயலிகள் எல்லாமே கிட்டத்தட்ட இப்படித்தான் என்கிறாள் மகள். இரண்டு மைக் படம் இருக்கும். இந்தப் பக்கத்தை அழுத்தி நான் தமிழில் பேசினால், அது எழுத்தாக்கி, மாற்றி, எதிரே இருப்பவர் மொழியில் குரலாகச் சொல்லும். அவர் பேசினால் எனக்குத் தமிழில் வரும். கேமராவைக் காட்டினால் போர்டையும் படிக்கும். சாப்பாட்டு நேரத்துச் சத்தத்தில் போன் குரல் யாருக்கும் கேட்காததால் 650 ரூபாய்க்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கினேன். அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக்குக் கீழே நின்று பேசினால் ஒன்றும் ஏறாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வாசல் பக்கம் நின்று பேசினாலும் அதே கதைதான்.

என் மாமனாரிடம் இதெல்லாம் கிடையாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிய காலத்தில், 1964 புயலுக்கு முன்னால், அங்கே மூட்டை தூக்கியவர். எவ்வளவு என்பதை எந்த, எத்ர, எஷ்டு, கித்னா, கிதி, கொதோ, கேத்தே என்று ஒரே மூச்சில் சொல்லி, கடைசியில் சிங்களத்துக்கு ஒரு கீயத போட்டு முடிப்பார். தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, மராத்தி, வங்காளம், ஒடியா எல்லாம் அதில் அடக்கம். இந்த ஒரு வார்த்தையும் ஒன்று முதல் பத்து வரை எண்ணவும் தெரிந்தால் எந்த ஊர்க்காரனிடமும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. ஆனால் பத்துக்கு மேலே போனால் அவருக்கும் தடுமாற்றம்தான். எனக்கும் இந்தியில் இருபத்தைந்தும் ஐம்பதும் காதில் ஒன்றாகவே விழும். பச்சீஸ், பச்சாஸ். ஐம்பது ரூபாய் வறுவலைப் பச்சீஸ் என்று சொல்லி எத்தனை தட்டுக்கு நஷ்டப்பட்டேனோ. செயலி வந்த பிறகு அந்தத் தொல்லை விட்டது. எண்ணில் அது தப்பு விட்டு நான் பார்த்ததில்லை.

வங்காளக் கூட்டம் வந்த அன்று அது நன்றாக வேலை செய்தது. ஒரு பாட்டி, "சாய், சாய்" என்கிறார். பரிமாறுகிற தம்பி டீ கொண்டுபோய் வைக்கிறான். அவர் தலையை ஆட்டி மறுபடி "ஜொல் சாய்" என்கிறார். இரண்டாவது டீ போகிறது. மூன்றாவது கிளாஸை அவன் எடுக்கும்போது நான் போனை நீட்டினேன். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று வந்தது. வங்காளத்தில் சாய் என்றால் வேண்டும் என்று அர்த்தமாம். டீக்கு அவர்கள் சொல்வது சா. அந்தத் தம்பி இன்றைக்கும் சாய் என்று யாராவது சொன்னால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறான்.

இனிக் குறைகள். முதல் குறை, இதற்கு நம் பேச்சுத் தமிழ் பிடிபடவில்லை. வாசலில் வந்த மராட்டியக் குடும்பத்தை, "வாங்க வாங்க, உட்காருங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டேன். செயலி இந்தியில் ஏதோ சொன்னது. வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திருப்பூரில் நாலு வருஷம் பனியன் கம்பெனியில் இருந்து தமிழ் கற்றுக்கொண்ட பீகார் தம்பி ஒருவன் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, விலைக்கு வாங்குங்க, விலைக்கு வாங்குங்கன்னு சொல்லுது." உட்காரும் முன்னாலேயே வாங்கச் சொன்னால் எவன் உட்காருவான்? அதிலிருந்து போனிடம் மட்டும் ரேடியோவில் செய்தி வாசிப்பது போலப் பேசுகிறேன். உள்ளே வாருங்கள். சாப்பிட்டீர்களா. கை கழுவும் இடம் பின்புறம் இருக்கிறது. மகள் போனில் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

எங்கள் அடுப்படியில் வேலை பார்க்கிற அக்கா மண்டபத்து இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர். அவருக்கு ஆமாம் கிடையாது, ஓம்தான். சாதம் இருக்கிறதா என்று வடக்கத்தி ஆள் ஒருவர் கேட்க, இவர் போனில் "ஓம்" என்று சொல்ல, ஸ்பீக்கரில் கோயில் மாதிரி ஓம் என்று வந்தது. அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டார். அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மரியாதை விஷயம் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியாதது. நிறையச் செயலிகள் தமிழிலிருந்து நேராக இந்திக்குப் போவதில்லையாம். விருதுநகர் போகிறவர் மானாமதுரையில் வண்டி மாறுவது போல, நடுவில் ஆங்கிலத்தில் இறங்கி ஏறுமாம். ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒரே யூ. அங்கே இறங்கும்போது மரியாதை நடைமேடையிலேயே நின்றுவிடுகிறது. இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படி இருப்பதாக அந்தப் பீகார் தம்பி சொன்னான். நம் பக்கத்து நீ, நீர், நீங்கள் மாதிரிதான். எழுபது வயது ஐயா ஒருவரைச் செயலி தும் என்று சொல்லிவிட்டது, அவர் முகம் சுருங்கியது, ஏன் என்று எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. இப்போது வயதானவர்களிடம் பேசும்போது, ஐயா, தாங்கள், தயவுசெய்து என்று எல்லாவற்றையும் அள்ளிப் போடுகிறேன். ஏதாவது ஒன்றாவது ஊர் போய்ச் சேராதா?

மீன் விஷயத்துக்கு வருவோம். கேமராவை என் போர்டில் காட்டியபோது நடந்ததை மகள் படித்துக் காட்டினாள். கணவாய் வறுவல், மலைக்கு நடுவே வழி போகுமே, அந்தக் கணவாயாகிவிட்டது. பாறை வெறும் கல்லாகப் போனது. சீலாவை யாரோ ஷீலா என்கிற பெண் என்று நினைத்துக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலே நகரை வறுவல். நகரை என்றால் இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், சிவப்பாக, தாடி வைத்த மீன். செயலிக்கு அது நகரத்தை வறுப்பது. இராமேசுவரம் போகிற பக்தர்களுக்கு இது பொருத்தம்தான், நகரை வறுத்தவர் அனுமார் ஒருவர்தானே. ஆனால் 60 ரூபாய் மீன் விற்கவில்லை.

அதுவரைக்கும் சிரிப்பு. கூனி விஷயம் சிரிப்பில்லை.

ஐஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்த ஒடிசாத் தம்பி ஒருவன், இருபது வயதுகூட இருக்காது. அவனுக்கு இறால் ஆகாது, உடம்பெல்லாம் தடிக்கும். முதல் நாளே போனில் தெளிவாகச் சொன்னான், எனக்கும் தெளிவாகத் தமிழில் வந்தது. சரி என்று இறால் பக்கமே அவனைக் காட்டவில்லை. ஒரு நாள் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளப் பொடி வைத்தோம். அவன் கையைக் காட்டி, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டான். நான் போனில், "இறால் இல்லை, இது கூனிப் பொடி" என்றேன். கூனியும் இறால் இனம்தான், கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி இறால். ஆனால் நாங்கள் யாரும் அதை இறால் என்று சொல்வதில்லை, எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவும் இல்லை. செயலி அவனுக்கு, இறால் இல்லை, இது கூன் விழுந்தவளின் பொடி என்று சொல்லியிருக்கிறது. ஏதோ பாட்டி அரைத்த பொடி என்று நினைத்துக்கொண்டானாம். இரண்டு உருண்டை சாப்பிட்டதும் உதடு வீங்கிவிட்டது, கழுத்தெல்லாம் சொறிகிறான்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டார்கள், வீக்கம் இறங்கியது. அங்கே டாக்டர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் இதே செயலிதான் நடுவில் நின்றது. எப்போது சாப்பிட்டாய், மூச்சு முட்டுகிறதா, இதற்கு முன்னால் வந்திருக்கிறதா, ஒன்றில்கூடப் பிசகவில்லை. டாக்டர் பேசும் தமிழ் அதற்குத் தெரிகிறது. என் அடுப்படித் தமிழ் தெரியவில்லை. அதன் மேலே மட்டும் பழி போடவும் முடியாது, கூனி என்ன என்று நான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு கல்லா மேசையில் ஐந்து கண்ணாடிப் பாட்டில் வைத்திருக்கிறேன். காய்ந்த இறால், கூனி, நெத்திலிக் கருவாடு, வேர்க்கடலை, எள். சாப்பாட்டில் எது ஆகாது என்று யாராவது சொன்னால் முதலில் பாட்டில், அப்புறம்தான் போன். மீனுக்கும் அப்படியே, ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டிவிடுகிறேன். அந்தத் தம்பி ஒரு வாரம் கழித்து வந்தான். உட்காரும் முன்னால் நேரே அடுப்படிக்குப் போய் ஒவ்வொரு மூடியாகத் தூக்கி, "கூனி? கூனி?" என்று கேட்டான். நல்ல சுத்தமான உச்சரிப்பு.

வாங்கப் போகிறவர்களுக்கு, அதாவது போனில் ஏற்றப் போகிறவர்களுக்கு, இரண்டு விஷயம். மொழிகளை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துவிடுங்கள். வாடைக் காலத்தில் டவர் போனாலும் ஓரளவு வேலை செய்யும். ஆனால் வாடை அடிக்கிறது என்று அதனிடம் சொல்லாதீர்கள், உங்கள் கடையில் நாற்றம் அடிக்கிறது என்று வந்தவரிடம் சொல்லிவிடும். அப்புறம், வந்தவர் என்ன மொழி என்றே தெரியாவிட்டால் ஏதாவதொரு ரூபாய் நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள். பின்பக்கம் 15 மொழியில் மதிப்பு எழுதியிருக்கும், எழுதப் படிக்கத் தெரிந்தவர் தன் வரியைத் தொட்டுக் காட்டுவார். நம் தமிழ் பதின்மூன்றாவது வரி. இந்தி அந்தப் பட்டியலில் இல்லை, நோட்டில் வேறு இடத்தில் பெரிதாக இருக்கும். பீகாரின் தர்பங்காக்காரர் ஒருவர் எதையும் தொடாமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மொழி மைதிலி, அது நோட்டில் கிடையாது. கடைசியில் இந்தியைத் தொட்டார், கொஞ்சம் சலிப்போடுதான் தொட்டார்.

செயலியில் தப்பைத் திருத்தி அனுப்ப ஒரு இடம் இருக்கிறது. நகரை என்பது மீன் என்று மகள் மூன்று தடவை எழுதி அனுப்பிவிட்டாள். போன வாரம் போர்டில் மறுபடி காட்டிப் பார்த்தேன். இன்னும் நகரம்தான் வறுபட்டுக்கொண்டிருக்கிறது.