சேஃப்டி தீப்பெட்டி ரிவ்யூ: குச்சி மருந்துல இருக்கற குளோரேட்டுக்காகவே வாங்கலாம்

லைட்டர் எவ்ளோ வந்தாலும் எனக்கு தீப்பெட்டிதாங்க, அதுல இருக்கற வேலைப்பாடு அப்படி. குச்சி மருந்துல மெயின் சரக்கு பொட்டாசியம் குளோரேட். சாப்பாட்டு உப்பு சோடியம் குளோரைடு, அதுல ஆக்சிஜனே கிடையாது, ஆனா குளோரேட்ல ஒரு குளோரினோட மூணு ஆக்சிஜன் ஒட்டிக்கிட்டு இருக்கும், நல்லா சூடு பட்டா அதை விட்டுடும், அதான் உரசின உடனே அப்படி சீறிக்கிட்டு பத்துது. உத்துப் பாருங்க, முதல்ல பளிச்சுனு ஒரு சீறல், அது மருந்து எரியறது, அப்புறம்தான் மஞ்சள் தீ நிதானமா குச்சில இறங்கும், அது மெழுகும் மரமும்.

இதுல பெஸ்ட் விஷயமே குளோரேட்டை குச்சிலயும் சிவப்பு பாஸ்பரஸை பெட்டி பக்கத்து பட்டையிலயும் தனித்தனியா வச்சதுதான். ரெண்டும் ஒண்ணா கலந்தா லேசான உரசலுக்கே வெடிச்சிடும். 1844ல ஸ்வீடன்ல குஸ்டாஃப் எரிக் பாஷ் இதுக்கு பேடன்ட் வாங்கினார். அந்தக் காலத்துல வெள்ளை பாஸ்பரஸ் குச்சி செஞ்ச தொழிலாளிங்களுக்கு தாடை எலும்பே அழுகிப் போச்சு, பாவம், சில நாடுகள் முன்னாடியே தடை பண்ணியிருந்தாலும், 1906ல சுவிட்சர்லாந்துல பெர்ன் நகரத்துல ஒப்பந்தம் போட்ட பிறகு இன்னும் நிறைய நாடுகள் அதை தடை பண்ணாங்க.

குறையும் இருக்கு. கடைசியா வாங்கின பெட்டில பட்டை சீக்கிரமே தேஞ்சு போச்சு, உள்ள குச்சி கிடக்கு, உரச இடம் இல்ல. மழை நாள்ல நமுத்தும் போகுது, ஆனா அதுக்கு குளோரேட்டை திட்டாதீங்க, ஈரத்தை இழுக்கறது சோடியம் குளோரேட்தான், பொட்டாசியம் அவ்ளோ இழுக்காது, அதனாலதான் குச்சிக்கு இதை எடுத்தாங்க. ஊறிப்போறது பசையும் பட்டையும்.

அந்த சோடியம் குளோரேட்டுக்கும் வேற பெரிய வேலை இருக்கு, பேப்பர் கூழை வெளுக்கற குளோரின் டைஆக்சைடு செய்யத்தான் அதுல பெரும்பங்கு போகுது, களைக்கொல்லியாவும் தெளிச்சிருக்காங்க. விமானத்துல ஆபத்துன்னா தலைக்கு மேலருந்து மாஸ்க் தொங்குமே, நிறைய விமானத்துல அந்த ஆக்சிஜன் ஜெனரேட்டர்னு ஒரு டப்பாக்குள்ள இந்த சோடியம் குளோரேட் சூடாகி வர்றதுதான். அதே ஜெனரேட்டருங்களை 1996ல வேல்யூஜெட் 592ங்கற அமெரிக்க விமானத்தோட சரக்கு அறைல பத்திரமில்லாம ஏத்தினதுல தீப்பிடிச்சு 110 பேர் செத்துப்போனாங்க, மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு.

பசங்க குச்சி மருந்தை சுரண்டி சேர்த்து விளையாடறத பாத்தா உடனே பிடுங்கிடுங்க ப்ளீஸ், கையோ கண்ணோ போயிடும். மத்தபடி 5க்கு 4, அந்த ஒரு மார்க் பட்டைக்காக குறைச்சது.